பழைய பிசி கேம்களுக்குக் கீபோர்டும் ஜாய்ஸ்டிக்கும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கம்ப்யூட்டர் கேம் ஆடுகிறவன் என்று தெரிந்தால் போதும், யாராவது ஒருவர் கீபோர்டைப் பற்றியோ ஜாய்ஸ்டிக்கைப் பற்றியோ கேட்க ஆரம்பித்துவிடுகிறார். கேள்விகள் பெரும்பாலும் அதேதான். தனித்தனியாகப் பதில் எழுதி அலுத்துவிட்டதால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் தொகுத்துவிட்டேன். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்திருக்கிறேன். "பழைய" என்று இங்கே சொல்வது முதல் ஐபிஎம் பிசி வந்த 1981-லிருந்து விண்டோஸ் 98 காலம் வரை. கடைசியில் காமடோர், ஸ்பெக்ட்ரம் என்ற 1980களின் வீட்டுக் கம்ப்யூட்டர்கள் பக்கமும் கொஞ்சம் போய்வரலாம்.

பழைய கேம் ஆடப் பழைய கீபோர்டே வாங்கணுமா அண்ணா? என்கிட்ட சாதா யுஎஸ்பி கீபோர்டுதான் இருக்கு.

அதுவே போதும். இன்று பெரும்பாலோர் டாஸ் (விண்டோஸுக்கு முந்தைய இயங்குதளம்) கேம்களை, பழைய மெஷின் போல நடிக்கும் டாஸ்பாக்ஸ் போன்ற எமுலேட்டரில்தான் ஆடுகிறார்கள். அங்கே கேமின் கண்ணுக்குத் தெரிவது டாஸ்பாக்ஸ் காட்டுகிற ஒரு பழைய ஐபிஎம் கீபோர்டு. உங்கள் மேசையில் என்ன கிடக்கிறது என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

காசு போடுவதற்கு முன் ஒன்றை மட்டும் தெரிந்துகொள்ளுங்கள்: நீங்கள் ஆடப்போகும் கேம் கீயையும் ஜாய்ஸ்டிக்கையும் எப்படிப் படிக்கிறது என்பதை. கீழே வரும் தொல்லைகளில் முக்கால்வாசி அங்கிருந்து வருபவைதான். புது சாமான் வாங்கினால் அவை தீராது.

டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியா ரெண்டும் ஸ்கூல் லேப்ல ஆடினது. எந்த கீ எதுக்குன்னு மறந்துபோச்சு.

டேஞ்சரஸ் டேவில் ஆரோ கீயால் நடை, மேல் ஆரோவால் தாவல். துப்பாக்கி கிடைத்தபின் கன்ட்ரோல் சுடும், ஜெட்பேக் கிடைத்தபின் ஆல்ட் பறக்கவிடும். அவ்வளவுதான்.

பிரின்ஸில் ஷிஃப்ட்தான் உயிர். ஷிஃப்ட்டைப் பிடித்துக்கொண்டு ஆரோவைத் தட்டினால் ஒவ்வொரு அடியாக ஜாக்கிரதையாக நடப்பார். முள் பள்ளத்துக்கு முன்னால் இதுதான் காப்பாற்றும். விழும்போது ஷிஃப்ட்டைப் பிடித்திருந்தால் விளிம்பைப் பற்றிக்கொள்வார். குடுவையை எடுப்பதும் கத்தியால் குத்துவதும் அதே ஷிஃப்ட்தான். சண்டையில் மேல் ஆரோ தடுக்கும். நம்பர் பேடில் 7-ம் 9-ம் நேராக இடது பக்கமும் வலது பக்கமும் பாயவைக்கும். இது பலருக்குத் தெரியாது, மேல் ஆரோவையும் பக்க ஆரோவையும் சேர்த்துப் பிடித்து விரலை உடைத்துக்கொள்வார்கள். மிச்சமிருக்கும் நேரம் பார்க்க ஸ்பேஸ். மொத்தமே 60 நிமிடம்தான், ஞாபகம் இருக்கட்டும். கன்ட்ரோல்-ஜே அழுத்தினால் ஜாய்ஸ்டிக், கன்ட்ரோல்-கே அழுத்தினால் மறுபடியும் கீபோர்டு.

லேப்டாப்ல நம்பர் பேடே இல்லையே, என்ன பண்றது?

பத்துப் பதினேழு கீ மட்டும் உள்ள யுஎஸ்பி நம்பர் பேடு தனியாகக் கிடைக்கிறது. மலிவுதான். அதை வாங்க மனமில்லை என்றால் டாஸ்பாக்ஸின் மேப்பரில் (கன்ட்ரோல்-எஃப்1) நம்பர் பேடு 7-ஐயும் 9-ஐயும் உங்களுக்கு வசதியான வேறு கீகளில் போட்டுக்கொள்ளலாம்.

ஆரோவை அமுக்கிப் பிடிச்சா ஆள் ஒரு அடி வச்சு நின்னு, அப்புறம்தான் தொடர்ந்து ஓடுறான். கூடவே பீப் பீப்னு சத்தம் வேற. கீபோர்டு போச்சா?

கீபோர்டு நன்றாகத்தான் இருக்கிறது. கேம் எழுதியவர் கீயை பயாஸ் (மெஷினுக்குள்ளேயே இருக்கும் அடிப்படை மென்பொருள்) வழியாகப் படித்திருக்கிறார். கடிதம் தட்டச்சு செய்யும்போது ஒரு கீயை அமுக்கிப் பிடித்தால் என்ன ஆகிறது? ஓர் எழுத்து விழுகிறது, அரை நொடி சும்மா இருக்கிறது, அப்புறம் நொடிக்குப் பத்துப் பதினொன்று என்று கொட்டுகிறது. கேமும் அதே எழுத்துகளைத்தான் வாங்கிக்கொண்டு ஆளை நகர்த்துகிறது. அதனால்தான் அந்தத் தயக்கம்.

பீப் சத்தத்துக்கும் காரணம் பயாஸ்தான். அதன் வரிசையில் 15 கீ அழுத்தத்துக்குத்தான் இடம். கேம் எடுத்துக்கொள்வதைவிட வேகமாக வந்து நிரம்பினால் ஸ்பீக்கர் கத்தும். நிஜ டாஸ் மெஷினாக இருந்தால் மோட் கட்டளையில் ரேட் 32, டிலே 1 என்று கொடுத்துப் பாருங்கள். தயக்கம் கால் நொடியாகக் குறையும், அப்புறம் நொடிக்கு 30 வீதம் வரும்.

வேகமான கேம்கள் பயாஸை ஒதுக்கிவிட்டு இன்டரப்ட் 9-ஐ, அதாவது கீபோர்டு பிராசசரைக் கூப்பிடும் சிக்னலை, தாங்களே பிடித்துக்கொள்ளும். கீபோர்டு ஒவ்வொரு கீக்கும் அழுத்தும்போது ஓர் எண்ணும் விடும்போது ஓர் எண்ணும் அனுப்பும். அதை நேரடியாகப் படித்தால் எந்தக் கீ இன்னும் அழுந்தியிருக்கிறது, எது விடுபட்டது என்று கேமுக்கே தெரிந்துவிடும். 1993-ல் வந்த டூம் என்ற துப்பாக்கிச் சண்டை கேமை ஆடியவர்களுக்கு இந்தத் தயக்கத் தொல்லை ஏன் இல்லை என்பதற்கு விடை இதுதான்.

அந்தக் காலத்து கேம் எல்லாம் ஏன் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், ஸ்பேஸ்னே கேக்குது? டபிள்யூ-ஏ-எஸ்-டி ஏன் வைக்கல?

முதல் காரணம் கை. வலது கை ஆரோவில் அல்லது நம்பர் பேடில் இருக்கும். இடது கைக்குப் பார்க்காமலேயே தட்டுப்படுகிற பெரிய கீகள் வேண்டும். இரண்டாவது காரணம் கொஞ்சம் சுவாரசியமானது. சாதாரணக் கீகளைத்தான் பயாஸ் எழுத்தாக வரிசையில் போடும். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் மூன்றும் இந்த நொடியில் அழுந்தியிருக்கின்றனவா இல்லையா என்பதை அது தனியாக ஒரு பைட்டில் குறித்து வைத்திருக்கும். மேலே சொன்ன தயக்கம் உள்ள கேம்கூட அந்தப் பைட்டை எட்டிப் பார்த்துச் சுடும் பட்டனை உடனுக்குடன் அறிந்துகொள்ள முடிந்தது.

டபிள்யூ-ஏ-எஸ்-டி மவுஸோடு வந்த பழக்கம். டூமின் இயல்பான அமைப்பு ஆரோ, கன்ட்ரோல், ஆல்ட், ஸ்பேஸ்தான். 1996-ல் குவேக் என்ற அதே வகை கேம் வந்து, மவுஸால் மேலும் கீழும் பார்க்க ஆரம்பித்ததும் வலது கை மவுஸுக்குப் போனது, இடது கைக்கு நடை வந்து சேர்ந்தது. 1997-ல் திரெஷ் என்ற பெயரில் ஆடிய டென்னிஸ் ஃபாங் குவேக் போட்டியில் ஜெயித்து, அதை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜான் கார்மக்கின் ஃபெராரி காரையே பரிசாக வாங்கினார். அவர் வைத்திருந்த கீ அமைப்பைப் பலரும் எடுத்துக்கொண்டார்கள். 1998-ல் ஹாஃப்-லைஃப் அதையே தன் இயல்பான அமைப்பாக வைத்தது.

டாஸ்பாக்ஸ்ல சுட்டுக்கிட்டே இருக்கும்போது கேம் பட்டுனு மூடிக்குது. வைரஸா?

வைரஸ் இல்லை. டாஸ்பாக்ஸை உடனே மூடும் கீ கன்ட்ரோல்-எஃப்9. டூமில் கன்ட்ரோல் சுடும், எஃப்9 சேமித்த ஆட்டத்தைத் திறக்கும். உயிர் போகிற நேரத்தில் சுட்டுக்கொண்டே எஃப்9-ஐத் தட்டினால் கதை முடிந்தது. கன்ட்ரோல்-எஃப்6 அழுத்தினால் சத்தமில்லாமல் ஆடியோ பதிவு ஓட ஆரம்பித்து டிஸ்க்கை நிரப்பும், அதையும் கவனியுங்கள். மேப்பரில் போய் மூடும் கீயை மாற்றிவிடுவது நல்லது.

விண்டோஸில் ஷிஃப்ட்டை ஐந்து முறை தட்டினால் ஸ்டிக்கி கீஸ் என்று ஒரு பெட்டி குதிக்கும். பிரின்ஸ் ஆடுகிறவர்களுக்கு இதைவிட எரிச்சல் வேறில்லை. செட்டிங்ஸில் அந்தக் குறுக்குவழியை அணைத்துவிடுங்கள். மேக்கில் கன்ட்ரோலும் ஆரோவும் சேர்ந்தால் திரையே அடுத்த டெஸ்க்டாப்புக்கு நகரும். அதையும் செட்டிங்ஸில் நிறுத்தலாம்.

ரெண்டு கீ சேத்து அமுக்கினா சரி, மூணாவது சேத்தா வேலை செய்யல. ரெண்டு பேர் ஒரே கீபோர்டுல ஆடினா ரொம்ப மோசம்.

கீபோர்டுக்குள் ஒவ்வொரு கீக்கும் தனி ஒயர் கிடையாது. கீகள் எல்லாம் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் தடங்களின் சந்திப்பில் இருக்கின்றன. உள்ளே இருக்கும் சிப் ஒவ்வொரு வரிசையாக மின்சாரம் கொடுத்து எந்த நிரலில் திரும்பி வருகிறது என்று பார்க்கும். ஒரு சதுரத்தின் மூன்று மூலைகளில் உள்ள கீகள் ஒன்றாக அழுந்தினால் மின்சாரம் சுற்றிவந்து நான்காவது மூலையும் அழுந்தியது போலக் காட்டும். இல்லாத கீ தெரியக்கூடாது என்பதற்காகப் பல கீபோர்டுகள் அந்த மூன்றாவது கீயையே ஏற்காமல் விட்டுவிடும். உங்களுக்கு நடப்பது அதுதான்.

மேல் ஆரோ, இடது ஆரோ, ஸ்பேஸ் மூன்றையும் சேர்த்து அழுத்திப் பாருங்கள். மலிவான கீபோர்டுகளில் பல இதிலேயே தோற்றுவிடும். ஷிஃப்ட், கன்ட்ரோல், ஆல்ட் கீகளை மற்றவற்றோடு மோதாதபடி வைப்பது தயாரிப்பாளர்களின் வழக்கம். அதனால் பழைய கேம்கள் அவற்றைக் கேட்பதில் உங்களுக்கு லாபமும் உண்டு. ஒவ்வொரு கீக்கும் டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சின்ன பாகம்) போட்ட கீபோர்டில் இந்தச் சிக்கலே வராது.

யுஎஸ்பியில் இன்னொரு வரம்பும் இருக்கிறது. அடிப்படை முறையில் ஒரு நேரத்தில் ஆறு சாதாரணக் கீகளும் ஷிஃப்ட் வகைக் கீகள் எட்டும்தான் போகும். பிஎஸ்/2 இணைப்புக்கு அந்த வரம்பு இல்லை. இருவர் ஆடுவதாக இருந்தால் என் யோசனை: ஒருவருக்குக் கீபோர்டு, ஒருவருக்கு கேம்பேடு. சண்டை மிச்சம்.

டிவிஎஸ் கோல்டு கேம் ஆட நல்லதா? அப்பா ஆபீஸ்ல ஒண்ணு சும்மா கிடக்கு.

தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள். சென்னை டிவிஎஸ் எலெக்ட்ரானிக்ஸின் கீபோர்டு. பில்லிங் கவுண்டர்களில் டக் டக் என்று கேட்கிற சத்தம் அதுதான். பழைய கோல்டுகளில் செர்ரி நீல ஸ்விட்ச் இருக்கும். அழுத்தும்போது எந்த இடத்தில் கீ பதிவாகிறது என்று விரலுக்கே தெரியும். பிஎஸ்/2 ஒயரோடு இருந்தால் பழைய மெஷினிலும் அப்படியே செருகலாம்.

ஒரு குறை: நீல ஸ்விட்ச்சில் கீ பதிவாகும் உயரமும் விடுபடும் உயரமும் வேறு வேறு. ஒரே கீயை மடமடவென்று தட்டும் கேம்களில் விரலைக் கொஞ்சம் கூடுதலாகத் தூக்க வேண்டியிருக்கும். ராத்திரி பதினொரு மணிக்கு ஆடினால் வீட்டில் திட்டு விழும் என்பது இன்னொரு குறை.

ஐபிஎம் மாடல் எம் கீபோர்டுக்கு ஏன் இவ்வளவு விலை? அது வாங்கினா கேம் நல்லா ஆடலாமா?

தட்டச்சுக்கு அது அருமை. ஒவ்வொரு கீக்கடியிலும் ஒரு ஸ்பிரிங் வளைந்து மடங்கும். அந்த உணர்வுக்காகத்தான் விலை. 1980களின் நடுவில் வந்த வடிவம், விண்டோஸ் கீ கிடையாது. ஆட்டத்தின் நடுவில் தெரியாமல் தட்டி டெஸ்க்டாப்புக்கு வந்துவிடும் தொல்லை இல்லை.

ஆனால் கேமுக்காக மட்டும் வாங்காதீர்கள். அதன் உள்ளே டயோடு கிடையாது. மேலே மூன்று கீ கேள்வியில் சொன்ன வரம்பு இதற்கும் முழுசாகப் பொருந்தும். உறுதியாக நம்பக்கூடியது இரண்டு கீ மட்டும். பழையதாக வாங்கினால் தலைகீழாகப் பிடித்து மெதுவாக ஆட்டிப் பாருங்கள். உள்ளே பொடிப்பொடியாக ஏதாவது உருண்டால், தகட்டைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் ஆணிகள் உடைந்திருக்கின்றன என்று அர்த்தம்.

பெரிய வட்டம் அஞ்சு பின், சின்ன வட்டம் ஆறு பின், அப்புறம் யுஎஸ்பி. எதை எதுல சொருகலாம் சார்?

ஐந்து பின் பெரியது 1984-ல் வந்த ஐபிஎம் ஏடி வகை. ஆறு பின் சின்னது 1987-ன் பிஎஸ்/2. இரண்டும் பேசுவது ஒரே மொழி. வெறும் ஒயர் மாற்றித் தரும் சின்ன அடாப்டர் போதும்.

அதே ஐந்து பின்னில் 1981-ன் எக்ஸ்டி வகையும் இருக்கிறது, பார்க்க அச்சு அசல் ஒன்றுபோலவே. ஆனால் பேசும் முறை வேறு. எக்ஸ்டி கீபோர்டை ஏடி மெஷினில் செருகினால் வேலை செய்யாது. சில கீபோர்டுகளின் அடியில் எக்ஸ், ஏ என்று ஒரு சின்ன ஸ்விட்ச் இருக்கும். செத்துப்போனது என்று தூக்கிப்போடுவதற்கு முன் அதைத் தள்ளிப் பாருங்கள்.

யுஎஸ்பியைப் பிஎஸ்/2 ஆக்கும் பச்சை, ஊதா அடாப்டர்கள் உள்ளே வெறும் ஒயர்தான். இரண்டு முறையிலும் பேசத் தெரிந்த கீபோர்டுக்கும் மவுஸுக்கும் மட்டுமே அவை உதவும். பழைய பிஎஸ்/2 கீபோர்டை யுஎஸ்பி மட்டும் உள்ள லேப்டாப்பில் மாட்ட, உள்ளே சிப் உள்ள கன்வர்ட்டர் வேண்டும். சென்னை ரிச்சி தெருக் கடைகளில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விற்பார்கள், கேட்டு வாங்குங்கள். இன்னொன்று: மெஷின் ஓடும்போது பிஎஸ்/2-வைக் கழற்றி மாட்டாதீர்கள். மதர்போர்டில் அந்த இணைப்புக்கான ஃப்யூஸ் போய்விடலாம்.

சவுண்ட் கார்டு பின்னாடி 15 பின் போர்ட் இருக்கே, அது மானிட்டருக்கா?

இல்லை, அது ஜாய்ஸ்டிக் மாட்டும் கேம் போர்ட். மானிட்டருக்கான விஜிஏவிலும் 15 பின்தான், ஆனால் மூன்று வரிசையில் நெருக்கமாக இருக்கும். இது எட்டும் ஏழுமாக இரண்டே வரிசை, அகலமாக இருக்கும். ஐபிஎம் 1981-ல் இதைத் தனி கார்டாக விற்றது. 1989-ல் சவுண்ட் பிளாஸ்டர் சவுண்டையும் கேம் போர்ட்டையும் ஒரே கார்டில் கொடுத்ததிலிருந்து சவுண்ட் கார்டு என்றாலே கூடவே இதுவும் என்று ஆகிவிட்டது. இரண்டு பின்களை மிடி இசைக்கருவிக்காக ஒதுக்கியும் வைத்தார்கள்.

ஒரு போர்ட்டில் மொத்தம் நான்கு திசை அச்சு, நான்கு பட்டன். அதாவது இரண்டு பட்டன் ஜாய்ஸ்டிக் இரண்டு. ஒய் வடிவக் கேபிள் வாங்கினால் இருவர் ஆடலாம். கிராவிஸ் கேம்பேடு போன்ற நான்கு பட்டன் சாமான்கள் இரண்டாம் ஆளின் பட்டன்களையும் சேர்த்து எடுத்துக்கொள்ளும். அப்போது இன்னொருவருக்கு இடமில்லை. சவுண்ட் கார்டிலும் வேறொரு கார்டிலும் ஆக இரண்டு கேம் போர்ட் இருந்தால் ஜம்பரால் (கார்டில் பின்களின் மேல் செருகும் சின்ன மூடி) ஒன்றை அணைத்துவிடுங்கள். இரண்டும் ஒரே முகவரியில் உட்கார்ந்து அடித்துக்கொள்ளும்.

விண்டோஸ் எக்ஸ்பி வரை கேம் போர்ட் ஓடும். விஸ்டாவில் அதை எடுத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு கேமும் "ஜாய்ஸ்டிக்கை மூலைக்குத் தள்ளு, நடுவுல விடு"ன்னு கேக்குதே, ஒரு தடவை சொன்னா பத்தாதா?

பத்தாது. ஜாய்ஸ்டிக்குக்குள் இருப்பவை ரேடியோவில் சத்தம் கூட்டும் திருகு போன்ற இரண்டு பொட்டென்ஷியோமீட்டர்கள், பூஜ்ஜியத்திலிருந்து 100 கிலோ ஓம் வரை. கேம் "இப்போது எங்கே இருக்கிறாய்?" என்று கேட்கும்போது கார்டில் உள்ள டைமர் ஓட ஆரம்பிக்கும். தடை அதிகமானால் அது அணைய நேரமாகும்: ஒரு முனையில் 24 மைக்ரோசெகண்டு, மறு முனையில் ஏறக்குறைய 1,100 மைக்ரோசெகண்டு. அது அணையும் வரை பிராசசர் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டிருக்கும். எத்தனை எண்ணியதோ அதுதான் குச்சியின் இடம்.

மெதுவான பிராசசர் குறைவாக எண்ணும், வேகமானது அதிகமாக எண்ணும். இரண்டு ஜாய்ஸ்டிக்கின் பொட்டென்ஷியோமீட்டர்களும் அச்சாக ஒன்றாக இருக்காது. எனவே உன் மெஷினில் நடு என்பது எந்த எண் என்று ஒவ்வொரு கேமும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. இந்த எண்ணும் வேலை முடியும் வரை பிராசசர் வேறெதுவும் செய்யாது என்பதையும் கவனியுங்கள். அதனால்தான் சில கேம்களில் ஜாய்ஸ்டிக் போட்டால் வேகம் லேசாகக் குறையும்.

486-ல நல்லா இருந்த ஜாய்ஸ்டிக் பென்டியத்துல ஒரே பக்கமா இழுக்குது. என்ன கோளாறு?

முதல் சந்தேகம் மேலே சொன்ன எண்ணிக்கைதான். 486-ஐவிடப் பென்டியம் வேகமான பிராசசர். 1980களின் கேம், பிராசசர் இவ்வளவு வேகமாக எண்ணும் என்று எதிர்பார்க்கவில்லை. அதற்கு ஒதுக்கிய இடம் நிரம்பிவிடும். டர்போ பட்டனை அணைத்து மெதுவாக்கிப் பாருங்கள். இதற்காகவே வேகத்துக்கு ஏற்பத் திருகிக்கொள்ளும் கேம் கார்டுகளும் அன்று விற்றன.

எல்லா கேமிலும் இழுத்தால் குற்றவாளி ஜாய்ஸ்டிக். அடியில் நான்கு ஸ்குரூ இருக்கும், கழற்றுங்கள். குச்சியின் அடியில் ஒன்றுக்கொன்று செங்குத்தாக இரண்டு பொட்டென்ஷியோமீட்டர் தெரியும். உள்ளே கருப்பாக இருக்கும் கார்பன் தடத்தில் தூசி படிந்தால் கர்சர் நடுங்கும். பக்கவாட்டு இடைவெளியில் கான்டாக்ட் கிளீனர் கொஞ்சம் அடித்து, முனையிலிருந்து முனைக்குப் பலமுறை திருப்புங்கள், நன்றாகக் காயவிட்டு மாட்டுங்கள். நம் கடற்கரை ஊர்களின் ஈரக்காற்றுக்கு இது அடிக்கடி வேண்டியிருக்கும். அதற்கு முன் ஜாய்ஸ்டிக்கின் பக்கத்தில் உள்ள சின்னச் சக்கரங்களைப் பாருங்கள். நடுவைச் சரிசெய்ய வைத்த டிரிம் சக்கரங்கள் அவை. யாராவது குழந்தை திருப்பி வைத்திருக்கும்.

பழைய 15 பின் சைட்வைண்டர் பேடை யுஎஸ்பி கன்வர்ட்டர் வச்சு மாட்டினேன். ஒண்ணுமே வரல.

வராது. சாதா கன்வர்ட்டருக்குத் தெரிந்தது முன்பு சொன்ன தடை அளக்கும் வேலை மட்டும். மைக்ரோசாஃப்டின் சைட்வைண்டர் கேம்பேடு அதே 15 பின் வழியாக டிஜிட்டலாகப் பேசுகிறது. சாதாரண ஜாய்ஸ்டிக்கும் முதல் கிராவிஸ் பேடும் கன்வர்ட்டரில் ஓடும். சைட்வைண்டருக்கு அதை ஆதரிப்பதாகத் தெளிவாகச் சொல்லும் கன்வர்ட்டராகத் தேட வேண்டும்.

எக்ஸ்பாக்ஸ் கன்ட்ரோலர்ல பழைய கார் ரேஸ் ஆடுறேன். ஆக்சிலேட்டர் பிடிச்சுக்கிட்டே பிரேக் அடிச்சா ரெண்டுமே வேலை செய்யல ப்ரோ.

விண்டோஸ் 95, 98 காலத்து கேம்கள் டைரக்ட்இன்புட் முறையில் கேட்கும். 2005-ல் எக்ஸ்பாக்ஸ் 360 கன்ட்ரோலரோடு வந்தது எக்ஸ்இன்புட். பழைய முறையில் கேட்கும் கேமுக்கு இடது ட்ரிக்கரையும் வலது ட்ரிக்கரையும் ஒரே அச்சின் இரண்டு முனைகளாகக் காட்டுகிறார்கள். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் அச்சு நடுவுக்கு வந்து நின்றுவிடும். கேமுக்கு ஒன்றும் அழுத்தாத மாதிரி இருக்கும்.

ஆக்சிலேட்டரையும் பிரேக்கையும் ட்ரிக்கரில் வைக்காமல் முகப்புப் பட்டன்களில் வையுங்கள். அந்தக் கால கேம்பேடுகளில் அவை பட்டன்தானே. கன்ட்ரோலரை கேம் கண்டுகொள்ளவே இல்லை என்றால், ஸ்டியரிங், டிராயிங் டேப்லெட் என்று வேறு எதெல்லாம் மாட்டியிருக்கிறதோ அத்தனையையும் கழற்றிவிட்டுத் திறந்து பாருங்கள். முதலாவதாகப் பட்டியலில் இருக்கும் சாதனத்தை மட்டும் பார்க்கிற கேம்கள் நிறைய.

டாஸ்பாக்ஸ்ல கன்ட்ரோலர் மாட்டினா ஆள் தானா நடக்குறான்.

அமைப்புக் கோப்பில் ஜாய்ஸ்டிக் பகுதிக்குப் போங்கள். டைம்டு என்ற வரி ட்ரூ என்றிருக்கும், ஃபால்ஸ் ஆக்குங்கள். அது கார்டின் டைமரைப் போலவே நடிக்கிற அமைப்பு. சில கேம்களுக்கு ஒத்துவராது. இன்றைய கன்ட்ரோலரில் இரண்டு குச்சி இருப்பதால் ஆட்டோ என்று விட்டால் நான்கு அச்சு என்று எடுத்துக்கொள்ளக்கூடும். ஒரே குச்சி தேவைப்படும் கேமுக்கு வகையை 2ஆக்சிஸ் என்று மாற்றுங்கள். கீபோர்டிலேயே ஆடப்போகிறீர்கள் என்றால் நன் என்று போட்டுவிட்டு நிம்மதியாக இருங்கள்.

கேம்ல ஜாய்ஸ்டிக் ஆப்ஷனே இல்ல. அப்பவும் கன்ட்ரோலர்ல ஆட முடியுமா?

முடியும். ஜாய்டுகீ, ஆன்டிமைக்ரோஎக்ஸ் போன்ற மென்பொருள்கள் கன்ட்ரோலர் பட்டனைக் கீபோர்டு கீயாக மாற்றித் தரும். ஸ்டீம் வைத்திருப்பவர்கள் வெளி கேமையும் அதில் சேர்த்துக்கொண்டு அங்கேயே மாற்றலாம். டேவ் மாதிரி தாவிக் குதிக்கும் கேம்களுக்குக் குச்சியைவிடப் பிளஸ் வடிவத் திசைப் பட்டனே சரி. விமானம் ஓட்டும் சிமுலேட்டர்களை இப்படி மாற்றி ஆடாதீர்கள். முப்பது நாற்பது கீ உள்ள கேமைப் பத்துப் பட்டனில் அடக்க முடியாது.

டாஸ் மெஷின்ல நம்லாக் எரிஞ்சா ஆரோ கீ அழுத்தும்போது கேம் கிறுக்குப் பிடிச்ச மாதிரி ஆகுது. அணைச்சா சரியாகுது. இது என்ன மாயம்?

மாயம் ஒன்றுமில்லை, கீபோர்டு சொல்கிற பொய். முதல் பிசியின் 83 கீ கீபோர்டில் ஆரோக்கள் நம்பர் பேடில் மட்டும்தான் இருந்தன. மேல் ஆரோவின் எண் 72. பிறகு 101 கீ கீபோர்டில் தனி ஆரோக்கள் வந்தபோது, அவை 224 என்று முன்னால் சொல்லிவிட்டு அதே 72-ஐ அனுப்பின. 224-ஐப் புரிந்துகொள்ளாத பழைய மென்பொருளுக்கும் ஆரோ ஆரோவாகவே தெரியட்டும் என்ற ஏற்பாடு.

நம்லாக் எரியும்போதுதான் சிக்கல். அப்போது பழைய மென்பொருள் 72-ஐ "8" என்று படித்துவிடும். இதைத் தடுக்க, தனி ஆரோவை அழுத்தினால் கீபோர்டு முதலில் 224, 42 என்று அனுப்பும். 42 என்பது இடது ஷிஃப்ட். ஷிஃப்ட் சேர்ந்தால் நம்லாக்கின் பலன் தலைகீழாகும், ஆரோ பிழைத்துக்கொள்ளும். ஆனால் இன்டரப்ட் 9-ஐத் தானே பிடித்துக்கொண்டு 224-ஐக் கண்டுகொள்ளாத கேம், யாரும் தொடாத ஷிஃப்ட் அழுந்திவிட்டதாக நம்பும். ஷிஃப்ட்டுக்கு ஓட்டம் என்று வைத்திருந்தால் ஆள் தானாக ஓடுவான்.

இன்றைய விண்டோஸில் இதற்கு நேர் எதிரான தொல்லை ஒன்று உண்டு. நம்லாக் எரிய, ஷிஃப்ட்டோடு நம்பர் பேடை அழுத்தினால் ஷிஃப்ட் விடுபட்டதாகக் காட்டும். பிரின்ஸில் நம்பர் பேடு வைத்து ஜாக்கிரதை நடை வராததற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நம்லாக்கை அணையுங்கள்.

வீட்டுல பழைய டிவி கேம் பேடு இருக்கு, 9 பின். காமடோர் 64-லயும் 9 பின்தான். சொருகலாமா?

வேண்டாம். 9 பின் என்பது உருவம் மட்டும்தான். அடாரி 2600-ன் ஜாய்ஸ்டிக்கில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு ஒயர், பட்டனுக்கு ஒரு ஒயர். காமடோர் 64, அமிகா, அடாரி எஸ்டி மூன்றும் அதையே பின்பற்றின. நம் ஊரில் 1990களில் விற்ற 8-பிட் டிவி கேம்களின் பேடு, நின்டென்டோ பாணியில் எல்லாப் பட்டனையும் ஒரே ஒயரில் வரிசையாக அனுப்பும். சேகா மெகா டிரைவ் பேடும் பார்க்கப் பொருந்தும், ஆனால் அதற்கு 5 வோல்ட் வர வேண்டிய பின் வேறு. அதை நேரடியாகக் காமடோரில் மாட்டினால் கீபோர்டையும் ஜாய்ஸ்டிக்கையும் கவனிக்கும் சிப்புக்கே ஆபத்து. தனி அடாப்டர் வாங்குங்கள்.

காமடோர்ல ஜாய்ஸ்டிக்கை ஆட்டினா ஸ்கிரீன்ல எழுத்து விழுது. ஸ்பெக்ட்ரம் எமுலேட்டர்ல என்னடான்னா கெம்ப்ஸ்டனா சின்க்ளேரான்னு கேக்குது.

காமடோரில் முதல் போர்ட் கீபோர்டின் அதே தடங்களைப் பகிர்ந்துகொள்கிறது. சுடும் பட்டன் ஸ்பேஸாகவும், இடது திசை கன்ட்ரோலாகவும் தெரியும். அதனால்தான் ஒருவர் ஆடும் கேம்கள் பெரும்பாலும் இரண்டாம் போர்ட்டைக் கேட்கும். ஜாய்ஸ்டிக்கை அங்கே மாற்றுங்கள்.

1982-ன் ஸ்பெக்ட்ரமில் ஜாய்ஸ்டிக் போர்ட்டே கிடையாது. கெம்ப்ஸ்டன் என்பது தனியாக விற்ற இணைப்பு. கேம் அதை 31-ம் போர்ட்டில் படிக்கும். சின்க்ளேரின் சொந்த இணைப்பு ஜாய்ஸ்டிக்கை 6 முதல் 0 வரையிலான எண் கீகளாக மாற்றித் தரும். கேமின் மெனுவில் என்ன தேர்வு செய்கிறீர்களோ அதையே எமுலேட்டரிலும் தேர்வு செய்தால் வேலை முடிந்தது. எதுவும் ஒத்துவரவில்லை என்றால் கியூ மேல், ஏ கீழ், ஓ இடது, பி வலது என்று ஆடுங்கள். பிரிட்டனில் ஒரு தலைமுறையே அப்படித்தான் ஆடியது.

பிஎஸ்/2 யுஎஸ்பியைவிட வேகம்னு சொல்றாங்களே, உண்மையா?

கணக்குப்படி உண்மை. பிஎஸ்/2-வில் கீ அழுந்தியதும் கீபோர்டே பிராசசரைத் தட்டி எழுப்பும். யுஎஸ்பியில் மெஷின்தான் கேட்க வேண்டும். வழக்கமாக நொடிக்கு 125 முறை, அதாவது 8 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. கேமிங் கீபோர்டுகளில் 1,000 முறை.

ஆனால் டூம் நொடிக்கு 35 முறைதான் உலகத்தை நகர்த்துகிறது, ஏறக்குறைய 29 மில்லிசெகண்டுக்கு ஒரு முறை. அந்த இடைவெளிக்குள் 8 மில்லிசெகண்டு பெரும்பாலும் காணாமல் போய்விடும். தாமதம் உங்கள் விரலுக்கே தெரிகிறது என்றால் பெரும்பாலும் திரையைத்தான் சந்தேகிக்க வேண்டும், அதிலும் டிவியாக இருந்தால் கண்டிப்பாக. படத்தை அழகாக்குகிறேன் என்று அது எடுத்துக்கொள்ளும் நேரம் கீபோர்டின் தாமதத்தைவிடப் பல மடங்கு இருக்கலாம். டிவி மெனுவில் கேம் மோடைப் போட்டுப் பாருங்கள். கீபோர்டை மாற்றுவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.